சிவப்பு வெளிச்சத்தில் ஒரு மூக்கு

காக்கா மூக்கு, கிளி மூக்கு, கொக்கு மூக்கு என்றுதான் நாம் பேச்சில் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் திருத்துவார். அது மூக்கு இல்லை, அலகு. நாசித்துளை அலகின் அடியில், முகத்தை ஒட்டி இருக்கும் என்பார். அந்தத் திருத்தம் செல்லாத பறவை ஒன்று உண்டு. நியூசிலாந்தின் கிவி. அதன் நீண்ட அலகின் கடைசி நுனியில், மண்ணைத் தொடும் இடத்தில், இரண்டு நாசித்துளைகள் இருக்கின்றன. உலகத்தில் வேறெந்தப் பறவைக்கும் அப்படி இல்லை. கிவியைப் பொறுத்தவரை நம் பேச்சு வழக்குதான் சரி. அது மூக்கேதான்.

அந்த மூக்கு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரியில் போக வேண்டும். பகலெல்லாம் வளைக்குள் தூங்கிவிட்டு, இருட்டிய பிறகுதான் கிவி வெளியே வரும். நியூசிலாந்தில் சில இடங்களில் வழிகாட்டியோடு கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். நான் முதலில் போனது தலைநகர் வெலிங்டனின் கரோரி பகுதியில் இருக்கும் ஸீலாண்டியா சரணாலயத்துக்கு. நகரத்தின் நடுவிலிருந்து காரில் பத்து நிமிடம். 225 ஹெக்டேர் பள்ளத்தாக்கு அது. ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வந்தது. 1878-இலும் 1908-இலும் கட்டிய இரண்டு அணைகளும் இன்னும் நிற்கின்றன.

உள்ளே விடுவதற்கு முன் பையைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். மதுபாட்டிலையோ பிளாஸ்டிக்கையோ தேடவில்லை. பைக்குள் தப்பித்தவறி எலி ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு ஆளுக்கொரு சிவப்பு டார்ச் கொடுத்தார்கள். போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும், ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, டார்ச்சைத் தரையை நோக்கியே பிடிக்க வேண்டும், ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். எங்களை அழைத்துப்போன பெண் இவற்றைச் சொல்லிவிட்டு, ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் எங்களைச் சும்மா நிற்க வைத்தார். கண் பழகட்டும் என்றார்.

அப்போது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது டார்ச் கையில் இருக்கும், ஆனால் அடிக்க மாட்டார். "அடிச்சா கண்ணு கெட்டுப்போயிரும், அப்புறம் வரப்பு தெரியாது" என்பார். அவர் சொன்னது விழித்திரையின் வேதியியல். நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். மங்கலான வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள். குச்சி செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி உண்டு. பலமான வெளிச்சம் பட்டால் அந்த நிறமி வெளுத்துப் போகும். இருட்டுக்குள் வந்த பிறகு அது மெல்ல மெல்லத் திரும்பச் சேர வேண்டும். கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் தம்மால் முடிந்த அளவு பழகிவிடும். குச்சி செல்களுக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் யாராவது போனை எடுத்து மணி பார்த்தால், சேர்த்ததெல்லாம் சில நொடிகளில் போய்விடும். கண் உண்மையிலேயே கெட்டுப்போகிறது.

சிவப்பு டார்ச்சின் சூட்சுமமும் இதுதான். ரோடாப்சின் நன்றாக உறிஞ்சுவது நீலப்பச்சை ஒளியை. ஒளி சிவப்பின் பக்கம் போகப் போக அது அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. அதனால் சிவப்பு வெளிச்சத்தில் கூம்பு செல்களைக் கொண்டு வழியைப் பார்த்துக்கொண்டே, குச்சி செல்களின் சேமிப்பைக் கலைக்காமல் வைத்துக்கொள்ளலாம். கிவிக்குச் சிவப்பு தெரியவே தெரியாது என்று சிலர் சொல்வதுண்டு; அது மிகைப்பாடு. அதன் கண்ணிலும் குச்சி செல்கள்தான் பெரும்பங்கு வேலை செய்கின்றன, அதனால் மங்கலான சிவப்பு அதைக் குறைவாகத் தொந்தரவு செய்யும் என்பதுதான் சரியான பேச்சு. பலமான விளக்கை அதன் முகத்துக்கு நேரே நீட்டினால் சிவப்பாக இருந்தாலும் தப்புதான்.

இன்னொன்றும் சொன்னார் அந்தப் பெண். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அதை நேராகப் பார்க்காதீர்கள், கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்களே கிடையாது. அவை சுற்றிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. இருட்டில் ஒரு பொருளை உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். ஓரக்கண்ணுக்குத்தான் அது அகப்படும்.

முதல் முக்கால் மணி நேரம் கிவி இல்லை. பாதையோரத்து மண்சரிவில் நீலப்பச்சைப் புள்ளிகளாகப் புழுக்கள் மின்னின. பெயர் புழு என்றாலும் அவை ஒருவகைச் சிறு பூச்சியின் இளம்பருவம். பசையுள்ள நூல்களைத் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு மயங்கி வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கின்றன. மேலே மரத்தில் ஓர் ஆந்தை இரண்டு சுரத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. அதன் குரலையே பெயராக்கி, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதை ரூரூ என்கிறார்கள். பள்ளத்தாக்கின் மறுகரையில் ஆண் கிவி ஒன்று கத்தியது. ஏறிக்கொண்டே போகும் கூர்மையான விசில், பத்துப் பதினைந்து தடவைக்கு மேல். அது ஓய்ந்ததும் தாழ்ந்த, கரகரத்த குரலில் பெண் பதில் சொன்னது. இது எங்கள் இடம் என்று ஜோடியாகச் சேர்ந்து அறிவிக்கும் குரல். நாட்டில் கிவிகளைக் கணக்கெடுப்பதும் பெரும்பாலும் இந்தக் குரலை வைத்துத்தான். மே, ஜூன் மாதங்களில், நிலா இல்லாத இரவுகளில், தன்னார்வலர்கள் குளிரில் மலைமேட்டில் உட்கார்ந்து, எந்தத் திசையில் எத்தனை மணிக்கு ஆண் கத்தியது, பெண் கத்தியது என்று குறித்துக்கொள்கிறார்கள். கண்ணால் பார்க்காமலே எடுக்கும் கணக்கு.

பிறகு எங்களுக்கு வெகு அருகில், இலைச்சருகுக்குள், யாரோ மூக்குச் சிந்துவது போல ஒரு சத்தம் வந்தது. புஸ், புஸ். வழிகாட்டி கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம்.

கோழியைவிடக் கொஞ்சம் சிறியது. வாலே இல்லாத உருண்டை முதுகு. இறகு இறகாகத் தெரியாமல் முடிபோல் தொங்கியது; பறவை என்று சொல்லியிருக்காவிட்டால் ஏதோ முள்ளெலி என்று நினைத்திருப்பேன். புள்ளிக்கிவி இனங்களில் சிறியது இது. தடித்த கால்களால் இரண்டு அடி வைக்கும். அலகின் நுனியால் தரையை இங்கும் அங்கும் லேசாகத் தட்டும். ஓரிடத்தில் நின்றது. அலகைச் செங்குத்தாக மண்ணுக்குள் இறக்கியது, முகம் தரையில் முட்டும்வரை. உடம்பே அதைச் சுற்றி ஆடியது. வெளியே எடுத்தபோது நுனியில் ஒரு மண்புழு. தலையை உதறி விழுங்கிவிட்டு, மூக்குக்குள் போன மண்ணைப் புஸ்ஸென்று ஊதித் தள்ளியது. எங்கள் காதில் விழுந்த சத்தம் அதுதான். மூக்கை நுனியில் வைத்துக்கொண்டு மண்ணைக் கிளறும் பறவைக்கு அடிக்கடி மூக்குச் சிந்தியாக வேண்டும். அரை நிமிடம் இருக்கும். பிறகு பெரணிச் செடிகளுக்குள் போய்விட்டது.

மண்ணுக்குள் அரை சாண் ஆழத்தில் இருக்கும் புழு அதற்கு எப்படித் தெரிந்தது? வாசனையால் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பாதி உண்மை. கிவியின் மூளையில் வாசனைக்கான பகுதி மற்ற பறவைகளோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. ஆனால் 2007-இல் சூசன் கன்னிங்ஹாமும் இசபெல் காஸ்ட்ரோவும் சக ஆய்வாளர்களும் அலகின் நுனி எலும்பை ஆராய்ந்து இன்னொன்றைக் கண்டார்கள். அந்த எலும்பு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகளின் கொத்து. புழு நெளிந்தால் மண்துகள்கள் வழியே அந்த அதிர்வு வந்து சேரும். இரையைத் தொடாமலே தொட்டறியும் புலன் இது.

இதே ஏற்பாட்டை நாம் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பார்க்கலாம். சேற்றில் அலகைக் குத்திக் குத்தி எடுக்கும் உள்ளான்களுக்கும் அலகு நுனி எலும்பில் அப்படிப்பட்ட குழிகள் உண்டு. உள்ளானுக்கும் கிவிக்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை. மரபணுக்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வின்படி, கிவியின் மிக நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரில் வாழ்ந்து அழிந்துபோன ராட்சத யானைப்பறவை. மண்ணுக்குள் கண்ணால் தேட முடியாது என்ற ஒரே நெருக்கடிக்கு இரண்டு பறவைக் குலங்கள் தனித்தனியே கண்டுபிடித்த ஒரே விடை இது.

இதைவிட என்னைப் பாதித்தது கண்ணின் கதை. ராத்திரியில் வாழும் பறவை என்றால் பெரிய கண் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆந்தைக்கு அப்படித்தான். ஊர்ச்சாலையில் வண்டி விளக்குப் பட்டால் தணல்போல் மின்னும் பக்கியின் கண்ணும் பெரியது. கிவி எதிர்த்திசையில் போயிருக்கிறது. உடம்புக்குப் பொருத்தமில்லாத சிறிய கண். மூளையில் பார்வைக்கான பகுதியும் சுருங்கிவிட்டது. அதன் பார்வைப் புலம், அதுவரை அளந்த பறவைகளிலேயே மிகக் குறுகியது என்று கிரஹாம் மார்ட்டின் என்ற ஆய்வாளரின் குழு 2007-இல் எழுதியது. கிவியின் முழு மரபணுத் தொகுதியை 2015-இல் படித்தபோது, நிறம் பார்க்க உதவும் சில மரபணுக்கள் செயலற்றுக் கிடப்பது தெரிந்தது. வாசனைக்கான மரபணுக்களிலோ வகைகள் பெருகியிருந்தன.

அதற்குப் பிறகு ஒகாரிட்டோ காட்டிலிருந்து வந்த செய்தி. ரோவி என்ற அரிய கிவி இனம் இயற்கையாக வாழும் இடம் அது. அங்கே சுமார் 160 பறவைகளின் கண்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒன்றுக்குக் கண்ணில் ஏதாவது பழுது இருந்தது. மூன்று பறவைகளுக்குப் பார்வை முற்றிலும் இல்லை. அந்த மூன்றும் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தன. 2017-இல் இது வெளியானது. காட்டில் ஒரு பறவை கண்ணில்லாமல் நன்றாக வாழ முடியும் என்பதைப் படித்தபோது, பரிதாபப்படுவதற்காகத் தயாராக இருந்த மனம் சட்டென்று நின்றது. பரிதாபத்துக்கு அங்கே இடமில்லை. பார்வை என்பது செலவு பிடிக்கும் உறுப்பு. தேவை குறைந்தபோது அந்தக் குலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது.

கிவிக்கு வந்த ஆபத்தும் மூக்கால் வந்ததுதான். மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தில் தரையில் வாழும் பாலூட்டிகள் வௌவாலைத் தவிர வேறில்லை. அந்த வௌவாலும் பறப்பது. கிவியை வேட்டையாடியவை பறவைகள். வல்லூறு, ஆந்தை, ஒரு காலத்தில் பெருங்கழுகு. எல்லாம் கண்ணால் தேடுபவை. கண்ணுக்கு எதிரான தற்காப்பு சருகு நிறமும், ஆடாமல் அசையாமல் நிற்பதும்தான். அது பல லட்சம் ஆண்டுகள் கைகொடுத்தது. பிறகு மோப்பம் பிடிக்கும் பிராணிகள் வந்தன. முயல்களை ஒழிக்க வேண்டும் என்று 1880-களில் ஸ்டோட் என்ற கீரிபோன்ற சிறு ஊனுண்ணியைக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். கிவிக்குப் பலமான உடல்வாசனை உண்டு. மோப்பக்காரனுக்கு முன்னால் அசையாமல் நிற்பது தன்னைத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம். பாதுகாப்பில்லாத காடுகளில் பிறக்கும் குஞ்சுகளில் வளர்ந்து ஆளாவது நூற்றுக்கு ஐந்துதான். ஒரு கிலோ எடைக்கு வந்துவிட்டால் ஸ்டோட்டை உதைத்து விரட்டிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

நாயை உதைத்து விரட்ட முடியாது. பறக்காத பறவை என்பதால் கிவிக்கு மார்பெலும்பும் பறக்கும் தசையும் வலுவில்லை. நாய் விளையாட்டாகக் கவ்வினாலே நெஞ்சு நொறுங்கிவிடும். 1987-இல் வடக்கே வைதாங்கி காட்டில் ரேடியோ கருவி மாட்டிய 24 கிவிகளில் 13 செத்தன. அத்தனையும் திரிந்துகொண்டிருந்த ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயின் வேலை. கருவி மாட்டாதவற்றையும் சேர்த்து அது கொன்றது ஏறத்தாழ 500 இருக்கும் என்று அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த மைக்கேல் டபோர்ஸ்கி மதிப்பிட்டார். சில வாரங்களுக்குள் நடந்தது இது.

ஸீலாண்டியாவில் நுழையும்போது ஏன் பையைப் பார்த்தார்கள் என்பது இதைக் கேட்ட பிறகு உறைத்தது. அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி 8.6 கிலோமீட்டருக்கு ஒரு வேலி போகிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். பூனை ஏறித் தாண்டாதபடி உச்சியில் வழுக்கும் தகரம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. எலி தோண்டாதபடி அடியில் வலை மண்ணுக்குள் படுக்கைவாட்டில் போகிறது. ஜிம் லின்ச் என்பவர் முன்வைத்த யோசனை. 1999-இல் வேலி முடிந்தது. உள்ளே இருந்த ஸ்டோட், எலி, பூனை, போசம் என்ற மரமேறும் விலங்கு எல்லாவற்றையும் அகற்றினார்கள். சுண்டெலி மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதை அடக்கி வைக்கிறார்கள். 2000-இலும் 2001-இலும் கபிட்டி தீவிலிருந்து 40 சின்னப் புள்ளிக்கிவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெருநிலத்தில் அநேகமாக இல்லாமற்போய், தீவில் விட்டுவைத்த சில பறவைகளின் வழியே தப்பிப் பிழைத்த இனம் அது. இப்போது வேலிக்குள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நான் அரை நிமிடம் பார்த்தது அந்த வம்சத்தில் ஒன்று.

வேலி போட முடியாத இடங்களில் 1990-களிலிருந்து வேறு வழி. காட்டு வளையிலிருந்து முட்டையை எடுத்துவந்து பொரிக்கவைத்து, குஞ்சு கிலோ எடை தாண்டியதும் திரும்ப விடுகிறார்கள். பழுப்புக் கிவியின் முட்டை தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரும். உள்ளே மஞ்சள் கரு மிக அதிகம். குஞ்சு அந்தக் கருவையே முதல் பத்து நாட்கள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும். பெற்றோர் ஒருபோதும் ஊட்டுவதில்லை. மனிதர் கையில் வளர்க்க இது வசதியாகப் போயிற்று.

இரவு நடைகளைப் பற்றி எனக்கு ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு. பறவையைக் கட்டாயம் காட்டுவேன் என்று வாக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை நம்பக் கூடாது. வாக்கைக் காப்பாற்ற அவர்கள் எதையாவது செய்தாக வேண்டும். பலமான விளக்கு அடிக்க வேண்டும், அல்லது பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு இழுக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்ட பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடிவரும். இல்லாத எதிரிக்காக அதன் ராத்திரி வீணாகும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆந்தை பார்க்கப் போகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். 2023-இல் அமெரிக்க உயிரியல் பூங்கா ஒன்று கிவியைப் பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில் மேசைமேல் வைத்துப் பார்வையாளர்களைத் தடவவிட்டது. அலகின் அடியில் இருக்கும் மீசைமுடிகள் மிகக் கூச்சமானவை. அதே இடத்தில் தொட்டார்கள். காணொளியைப் பார்த்த நியூசிலாந்து கொதித்தது. பூங்கா மன்னிப்புக் கேட்டு நிறுத்திக்கொண்டது. அந்தப் பூங்காவில் எல்லோர் கண்ணுக்கும் கிவி நன்றாகத் தெரிந்தது. அதன் மூக்கு என்ன செய்யும் என்பது ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாவது முறை நான் பார்த்தது தெற்குக் கோடியில், ரக்கியூரா தீவில். ஸ்டூவர்ட் தீவு என்றும் சொல்வார்கள். ஃபோவோ நீரிணையைப் படகில் தாண்டிப் போக வேண்டும். தீவில் மனிதர்கள் நானூறு பேர் சொச்சம். கிவிகள் பல ஆயிரம். எலியும் பூனையும் உண்டு, ஸ்டோட் மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. அங்குள்ள இனத்தின் பெயர் டோகோயேகா. வெக்கா என்ற இன்னொரு பறக்காத பறவை கையில் ஊன்றுகோலோடு நடப்பதுபோல் இருக்கிறது என்று மாவோரி முன்னோர் வைத்த பெயர். அலகைத் தட்டித் தட்டி நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு எலும்பின் குழிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அரசின் உரிமம் பெற்றவர்கள் சிறு குழுவாக ராத்திரியில் படகில் அழைத்துப்போகிறார்கள். படகை விட்டிறங்கி, புதர்க்காட்டுப் பாதையில் தீவின் ஒடுங்கிய நிலத்தைக் குறுக்கே கடந்தால் மறுபக்கம் பெருங்கடல். கரையில் அலை ஒதுக்கிய கடற்பாசி, தோல்வார்போல் கனத்த இலைகளோடு, குவியல் குவியலாக அழுகிக் கிடந்தது. அந்த வாடைக்குள் இறால் சாதியைச் சேர்ந்த, மணலில் தத்தும் சின்னப் பிராணிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. டோகோயேகா காட்டிலிருந்து இறங்கிவந்து அவற்றைப் பொறுக்குகிறது. மரமறைவு இல்லாத திறந்த மணல். எங்கள் கண்ணும் பழகியிருந்தது. வானத்தின் வெளிச்சத்திலேயே அதன் முதுகு தெரிந்தது.

காற்று அதன் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசும்படி எங்களை நிறுத்தியிருந்தார் வழிகாட்டி. கடல் பக்கமிருந்து அது நடந்து வந்தது. தட்டும், நிற்கும், மணலில் குத்தும், ஊதும். பத்தடி தூரத்துக்கு வந்தபோது அவர் தன் சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டார். அலைச்சத்தத்துக்கு நடுவே அந்த ஊதல் மட்டும் கேட்டது. பக்கத்தில் வந்தது. காற்று ஒரு கணம் திசை மாறியிருக்க வேண்டும்; ஊதல் நின்றது. எங்களை முகர்ந்துகொண்டிருந்தது போலும். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் தள்ளி, பாசிக்குவியல் பக்கத்திலிருந்து, புஸ் என்று கேட்டது.